கூடுதல் நினைவகம்

மவுஸ் கீபோர்டுக்கு இடது பக்கத்தில் இருந்தது.

ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டுக் குனிந்து உள்ளே வந்த மணிமொழி, கையிலிருந்த சாப்பாட்டுப் பையைக் கீழே வைக்காமல் அப்படியே நின்று அதைப் பார்த்தாள். நேற்று சாயங்காலம் கடையைப் பூட்டும்போது அதை வலது பக்கத்தில், ரப்பர் அட்டையின் மேல் வைத்துவிட்டுத்தான் போனாள். அட்டை இருந்த இடத்திலேயே இருந்தது. மவுஸ் மட்டும் வயரை இழுத்துக்கொண்டு கீபோர்டைச் சுற்றி அந்தப் பக்கம் போய்ப் படுத்திருந்தது. எலி தட்டியிருக்கும் என்று நினைத்தாள். திருவண்ணாமலை ரோட்டில் இருந்த அந்தக் கடை வரிசைக்குப் பின்னால் நெல் மூட்டைகள் அடுக்கிய குடோன். எலிக்குக் குறைவே இல்லை. மவுஸை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள். அது வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ இப்போதுதான் அதன் மேலிருந்து கையை எடுத்ததைப் போல.

அவள் புருஷன் பிரசாந்த் இடதுகைக்காரன். ஆடி மாசத்தில், திண்டிவனம் ரோட்டில் விளக்கில்லாமல் நின்றிருந்த கரும்பு டிராக்டரில் பைக்கைக் கொண்டுபோய் மோதினான். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் மூக்கிலும் வாயிலும் குழாயோடு சில நாள் கிடந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தான். இப்போது கார்த்திகை மழை பெய்துகொண்டிருந்தது. கடைக்கு எதிரே ராஜகிரிக் கோட்டையின் பாறை, நாள் பூராவும் ஈரத்தில் கறுத்துக் கிடந்தது.

பிரசாந்த் கிராபிக்ஸ் என்றால் செஞ்சி சுற்றுவட்டாரத்தில் தெரியாதவர்கள் இல்லை. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் பேனர் அங்கேதான். முன்பக்கம் கம்ப்யூட்டர் மேசை. பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. பிரசாந்த் உயிரோடு இருந்தவரை மணிமொழியின் இடம் அந்தத் தடுப்புக்குப் பின்னால்தான். பேனர் ஓரத்தை மடித்து ஒட்டுவது, வளையம் அடிப்பது, அவனுக்கு டீ வாங்கி வைப்பது. எப்போதாவது முன்னால் வந்து நின்றால், வாடிக்கையாளர் வரும் சத்தம் கேட்டதும் திரும்பிப் பார்க்காமலே சொல்வான்: "உள்ள போ." அடித்ததில்லை. குரல் உயர்த்தியதும் இல்லை. அந்த இரண்டு வார்த்தைதான்.

அவள் தடுப்பின் இடுக்கு வழியாகப் பார்த்துப் பார்த்தே வேலையைக் கற்றுக்கொண்டாள். அவன் மஞ்சள் காமாலையில் படுத்திருந்தபோது வந்த பேனர்களையெல்லாம் அவள்தான் செய்தாள். ஊரில் எல்லோரும் அவனைப் பாராட்டினார்கள். அவன் அதை வாங்கிக்கொண்டான்.

காரியம் முடிந்த கையோடு அவன் அண்ணன் செல்லப்பன், அந்த இடத்தில் செல்போன் கடை வைக்க ஆள் பார்த்துவிட்டார். மணிமொழி கட்டடத்துக்காரரிடம் நேரே போய், கடையை நான் நடத்துகிறேன் என்று சொன்னாள். அவர், பொங்கல் கழியட்டும், வேலை ஒழுங்காக நடந்தால் நீயே இரு, நடக்கவில்லையென்றால் செல்லப்பன் சொல்கிற ஆளுக்கு விட்டுவிடுவேன் என்றார்.

வேலை ஒழுங்காக நடக்கவிடாமல் தடுத்தது கம்ப்யூட்டர். பழைய மெஷின். நாலு படத்தைச் சேர்த்தால் திரை வெளுத்துப்போய் நின்றுவிடும். மேல்சித்தாமூர்க்காரர் ஒருவர் கல்யாணப் பேனருக்காகக் கடையிலேயே காத்துக் காத்து, கடைசியில் வேறு கடைக்குப் போனார். அந்தச் சேதி செல்லப்பன் காதுக்குப் போக ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

இரண்டு கடை தள்ளி, செல்போனும் கம்ப்யூட்டரும் பழுது பார்க்கும் அமலாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அமலா பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"ராம், அதான் மெமரி, பத்தலக்கா. இந்த போர்டுக்குப் போடுற ராம் இங்க கெடைக்காது, மெட்ராஸ்ல சொல்லித்தான் வாங்கணும். அதுவரைக்கும் ஒரு பென் டிரைவ சொருவி வைங்க. ரெடிபூஸ்ட்னு ஒண்ணு இருக்குது. நீங்க அதுல எடம் குடுத்தீங்கன்னா, கம்ப்யூட்டரு தன் நெனப்புல வச்சிக்க முடியாதத அதுல வச்சிக்கும். வேகமா ஓடும்."

கடையில் இருந்த பென் டிரைவ் ஒன்றே ஒன்றுதான். ஆஸ்பத்திரியில் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்த பிரசாந்தின் சாவிக்கொத்தில் தொங்கிய கறுப்பு டிரைவ். அதில் என்ன இருக்கிறது என்று அவள் பார்க்கவில்லை. பார்க்கவும் விரும்பவில்லை. முழுவதையும் அழித்துக் காலி செய்துவிட்டு, மேசைக்குக் கீழே இடது பக்கம் இருந்த பெட்டியின் முகப்பில் செருகினாள். எவ்வளவு இடம் ஒதுக்க வேண்டும் என்று திரை கேட்டது. பாதி கொடுத்தாள். டிரைவின் நுனியில் ஒரு நீல விளக்கு மினுங்கத் தொடங்கியது.

மெஷின் ஓடியது. நம்ப முடியாத ஓட்டம். படம் கேட்ட மாத்திரத்தில் வந்து நின்றது. அன்றைக்கு மூன்று பேனர் முடித்துவிட்டு, வெகு நாளைக்குப் பிறகு பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள். மவுஸ் இடம் மாறியிருந்தது அதற்கு மறுநாள் காலையில்தான்.

அதற்கடுத்த நாளும் மாறியிருந்தது. அன்றைக்கு நாற்காலியும் உயர்ந்திருந்தது; உட்கார்ந்தபோது அவள் கால் தரையில் பாவவில்லை. இது எலியின் வேலை இல்லை என்று தெரிந்ததும் அவளுக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. செல்லப்பனிடம் கடையின் இன்னொரு சாவி இருந்தது. ராத்திரியில் வந்து ஏதோ விளையாடுகிறார் என்று முடிவுகட்டி, கடைவீதிக்குப் போய்ப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டுவிட்டு, அவர் வீட்டுக்கே போய் வாசலில் நின்று கேட்டாள். அவர் சத்தியமாக அந்தப் பக்கமே வரவில்லை என்றார். பூட்டு மாற்றிய சேதி கேட்டதும் முகம் கடுத்தது.

"பூட்ட மாத்திட்டா கடை உன்னுது ஆயிடுமா? அவன் உக்காந்த எடம்மா அது."

"இப்ப நான் உக்காந்திருக்கேன் மாமா," என்றாள். "எழுந்திருக்க மாட்டேன்."

புதுப் பூட்டு பூட்டியபடியே இருந்தது. காலையில் மவுஸ் இடது பக்கத்தில் இருந்தது. நாற்காலி உயர்ந்திருந்தது.

அவள் நாற்காலியைத் தாழ்த்தினாள். மவுஸை வலது பக்கம் வைத்தாள். வேலையைத் தொடங்கினாள்.

அந்த வாரம்தான் தொண்டூர் பச்சமுத்து வந்தார். பேரப்பிள்ளைகள் இரண்டு பேருக்கும் காதணி விழா, மண்டப வாசலை மறைக்கிற மாதிரி பேனர் வேண்டும், தாய்மாமன் படம் பெரிதாக, உறவுக்காரர் படம் ஒன்று விடாமல் எல்லாம் வர வேண்டும் என்றார். பொம்பளை தனியாகச் செய்வாளா என்று அவர் கேட்கவில்லை. அமாவாசை மறுநாள் விழா, அன்றைக்குக் காலையில் முதல் பஸ்ஸில் பேனர் வந்துவிடுமா என்று மட்டும் கேட்டார். வந்துவிடும் என்றாள். அமாவாசை சாயங்காலம் எட்டு மணிக்குள் பேனர் அச்சடிக்கும் திண்டிவனம் பிரஸ்ஸுக்குப் பைலை அனுப்பினால் போதும், ராத்திரியே அடித்து, ஓரமும் மடித்து, நேரே தொண்டூருக்கு அனுப்பிவிடுவார்கள்.

பேனரின் மூலையில் கடைப் பெயர் போட வேண்டும். இத்தனை நாளும் பழைய பெயரையே போட்டு வந்தவள், இந்த முறை கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அடித்தாள்: மணிமொழி கிராபிக்ஸ், செஞ்சி. சிவப்பில் போட்டு, கொஞ்சம் பெரிதாகவே போட்டாள்.

டீ குடித்த டம்ளரைக் கழுவப் பின்னறைக்குப் போனாள். குழாயைத் திறந்தாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே வேறொரு சத்தம் கேட்டது. டக். டக். டக். கீபோர்டின் நீளக் கட்டையைக் கட்டைவிரலால் தட்டும் சத்தம், அவசரமில்லாமல், யோசனையில் இருப்பவன் தட்டுவதுபோல. தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் கேட்ட சத்தம் அது. குழாயை மூடினாள். நின்றுவிட்டது. அவன் தலையின் தேங்காய் எண்ணெய் வாசனையும், அதன் அடியில் ஆஸ்பத்திரி ஸ்பிரிட் நெடியும், நனைந்த பஞ்சின் மக்கிய வாடையும் ஒன்றாகக் கலந்து தடுப்பின் இடுக்கு வழியாக அவள் முகத்தில் வந்து படிந்தன. இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள். நாற்காலி காலியாக இருந்தது. லேசாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

முன்னால் வந்தாள். திரையின் மூலையில் பிரசாந்த் கிராபிக்ஸ் என்று இருந்தது.

உட்கார்ந்தாள். அதை அழித்துவிட்டுத் தன் பெயரை அடித்தாள். பிறகு பென் டிரைவைத் திறந்து பார்த்தாள். பாதி இடம்தான் கொடுத்திருந்தாள். முழுவதும் நிரம்பியிருந்தது. உள்ளே ஒரே ஒரு கோப்பு. குனிந்து டிரைவைத் தொட்டாள். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது.

அமலாவிடம் சொன்னாள். அமலா சிரிக்கவில்லை. கொடுத்த இடத்துக்கு மேல் அது எடுக்காது, எடுக்க வழியே இல்லை என்றாள். பிறகு, "அதப் பிடுங்கி ஏரில வீசிடுங்கக்கா," என்றாள்.

பிடுங்கினால் மெஷின் மறுபடி நின்றுவிடும். அத்தனை படம் போட்ட பைல் திறக்கவே திறக்காது. பச்சமுத்துவின் பேனர் போகாது, கடை போகும். அதைவிட, அவன் ஒரு வார்த்தை சொன்னான் என்று எழுந்து உள்ளே போவது இனி இல்லை என்று அவளுக்குள் ஏதோ ஒன்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. வேலை முடியட்டும், நானே பிடுங்குகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அமாவாசையன்று மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்கள் காலையிலிருந்தே ரோட்டை நிறைத்துப் போய்க்கொண்டிருந்தன. மழைத்தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு, ஜன்னலெல்லாம் மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாக ஒன்றன்பின் ஒன்றாகப் போய், ஐந்து மணிக்கு மேல் குறைந்தன. ஆறு மணிக்கு ரோடு வெறிச்சோடியது. பக்கத்துக் கடைக்காரர்கள் கோயிலுக்குப் போய்விட்டார்கள். அமலாவும் போகிற வழியில் எட்டிப் பார்த்து, நாளைக்குக் காலையில் முதல் வேலையாக வருவதாகச் சொல்லி, சாரலுக்காக ஷட்டரைப் பாதிக்கு மேல் இறக்கிவிட்டுப் போனாள். மேகம் ராஜகிரியின் தலையை விழுங்கியிருந்தது.

மணிமொழி கடைசிப் படத்தைச் சேர்த்து முடித்தாள். அப்போது கரண்ட் போனது.

யூபிஎஸ் பீப் பீப் என்று கத்தியது. திரை மட்டும் எரிந்தது. தெருவிளக்கு, எதிர் வரிசை, ரோடு, எல்லாம் ஒரே கறுப்பாகி, மழையின் சத்தம் மட்டும் ஷட்டர் வரை வந்து நின்றது. மேசைக்குக் கீழே பெட்டியின் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் மாறியது. முதலில் மெல்ல இழுத்தது, பிறகு நின்றது, ஒரு சின்னக் கிளிக், பிறகு நீளமாக ஊதியது. மறுபடி இழுத்தது. நின்றது. கிளிக். ஊதியது. பாண்டிச்சேரியில், கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவள் இரவும் பகலும் கேட்ட மூச்சு. அவனுக்காக மெஷின் விட்ட மூச்சு.

திரையின் மூலையில் அவள் பெயர் பின்னாலிருந்து ஒவ்வோர் எழுத்தாக அழிந்தது.

கீபோர்டைப் பார்த்தாள். கட்டைகள் தாமாக அமுங்கி எழுந்தன. ஒவ்வொன்றும் ஒரு விரலின் கனத்தோடு. அழிந்த இடத்தில் வேறு எழுத்துகள் வந்தன.

உள்ள போ.

நாற்காலியின் முதுகு சூடானது. அவளுக்கும் அதற்கும் நடுவே யாரோ உட்கார இடம் தேடுவதுபோல அவள் முதுகை முன்னால் தள்ளியது. தேங்காய் எண்ணெய். ஸ்பிரிட். பஞ்சு. கால் எழுந்துவிடப் பார்த்தது. அவள் மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவனை நீ என்று சொன்னதில்லை.

"நீ செத்துட்ட," என்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். "இந்த எடம் என்னுது. அதுல உனக்கும் எடம் குடுத்தது நான். வேலை செய்யணும்னா செய். எனக்குச் செய்."

மூச்சு நின்றது. கிளிக் வரவில்லை.

அந்த இரண்டு வார்த்தையை அழித்துவிட்டு அவள் வேகமாக அடித்தாள். மணிமொழி கிராபிக்ஸ். அழிய ஆரம்பிப்பதற்குள், எழுத்தைப் படமாக மாற்றும் இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்தினாள். அவனுக்குத் தெரியாத வித்தை அது. அவன் போன பிறகு போனில் வீடியோ பார்த்து அவளாகவே கற்றது. இனி அது எழுத்தில்லை, வெறும் கோடு. பின்னாலிருந்து அழிக்க அதில் எதுவும் இல்லை. கட்டைகள் தடதடவென்று அமுங்கின. பெயர் அசையவில்லை. இன்னொரு தட்டு தட்டி, அதை இடம்பெயராமல் பூட்டினாள். பைலைச் சேமித்தாள். போனிலிருந்து நெட் கொடுத்தாள். அனுப்பினாள்.

பச்சைக் கோடு ஊர்ந்தது. யூபிஎஸ் கத்தியது. முதுகில் இருந்த சூடு இறுகி இறுகிக் கல்லானது. அவள் நகரவில்லை.

கோடு முடிந்தது.

சற்று நேரத்தில் திண்டிவனத்திலிருந்து பதில் வந்தது. பைல் கிடைத்தது, எல்லாம் சரியாக இருக்கிறது, கடைக்குப் புதுப் பெயரா என்று கேட்டிருந்தார்கள். ஆமாம், இனிமேல் இதுதான் என்று அடித்தாள். அடித்த பிறகுதான் தன் கன்னம் நனைந்திருப்பது தெரிந்தது. முதுகில் சூடு இல்லை. காற்றாடி சாதாரணமாகச் சுற்றியது. கரண்ட் வந்து, தெருவிளக்கு மழைக்குள் மஞ்சளாக எரிந்தது.

நானே பிடுங்குகிறேன் என்று சொல்லியிருந்தாள். நாற்காலியில் இருந்தபடியே இடது கையைக் கீழே விட்டுத் துழாவினாள். பென் டிரைவ் கையில் தட்டுப்பட்டது. இழுத்தாள். வரவில்லை. பலமாக இழுத்தாள். பிடுங்கிக்கொண்டு வந்து தரையில் விழுந்து உருண்டது.

அது இருந்த துளை ஈரமாக இருந்தது.

கையை எடுப்பதற்குள் துளைக்குள்ளிருந்து ஒன்று வெளியே வந்து அவள் ஆள்காட்டி விரலைத் தொட்டது. விரல்தான். சூடான, நகம் வளர்ந்த விரல். பிறகு இன்னொன்று. இன்னொன்று. அவள் விரல்களுக்கு நடுவே தன் விரல்களைக் கோத்துக்கொண்டன. உள்ளே இழுத்தன.

நகக்கண் அளவுத் துளை. அதற்குள் விரல் போனது. உள்ளங்கை போனது. வலி இல்லை. சூடு. அவ்வளவு சூடு. மணிக்கட்டு வரை போனபோது கண்ணாடி வளையல்கள் துளையின் வாயில் தட்டி நின்றன. அவனைத் தூக்கிய அன்று பெண்கள் உடைக்க வந்தபோது கையை இழுத்துக்கொண்டு கொடுக்கமாட்டேன் என்று சொல்லிக் காப்பாற்றிய பச்சை வளையல்கள்.

கத்தவில்லை. கத்தினால் யார் இருக்கிறார்கள். எழுந்திருக்கவும் இல்லை. காலைத் தரையில் ஊன்றினாள். உடம்பைப் பின்னால் சாய்த்தாள். கீழே இழுக்கும் பலமும் அவள் பலமும் சரிக்குச் சரியாக நின்றன. வலது கை காலியாக இருந்தது. பக்கத்தில் அடுத்த வேலை காத்திருந்தது, வளத்தியில் ஒரு கடைத் திறப்பு விழா. அவள் புதுப் பக்கம் ஒன்றைத் திறந்தாள். ஒற்றைக் கையால் அடிக்க ஆரம்பித்தாள்.

விடிந்தபோது மழை விட்டிருந்தது; வளையல்கள் முழங்கைப் பக்கம் ஏறியிருந்தன. பச்சமுத்து போன் செய்து, பேனர் வந்துவிட்டது, மண்டபத்தில் கட்டியாகிவிட்டது, எல்லோரும் நின்று பார்க்கிறார்கள் என்று சொன்னார். ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டாள். சந்தோஷம்ண்ணா என்றாள்.

ஷட்டருக்குக் கீழே அமலாவின் செருப்பு தெரிந்தது. தகரம் கிரீச்சிட்டுப் பாதி எழுந்தது. அமலா குனிந்து எட்டிப் பார்த்தாள். மணிமொழி திரும்பவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"முழுசா தூக்கு அமலா. வெளிச்சம் வரட்டும்."

அமலா தூக்கவில்லை. வெயில் அவள் காலுக்கிடையில் புகுந்து, தரையில் கிடந்த பென் டிரைவைத் தாண்டி, மேசையின் அடிவரை வந்திருந்தது. அவள் பார்வையும் அங்கேயே போய் நின்றது. மணிமொழியின் இடது கை முழங்கைக்குக் கீழே இல்லை. பெட்டியின் முகப்பில், நகக்கண் அளவுத் துளையின் வாயில், பச்சை வளையல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டு நின்றன. உள்ளேயிருந்து ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் அவை மெல்லக் குலுங்கின. மேலே, வலது கை நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது.